உன் பெயரில் ஒரு பிழை

இன்றும் திரையில் உன் பெயர்தான் முதலில் வந்தது. பள்ளிக்கூடக் கணினி அறையில் அந்தத் தொலைநோக்கியின் இணையத்தளத்தை யார் திறந்தாலும் அது உனக்குத்தான் நல்வரவு சொல்கிறது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அதற்குத் தெரியாது.

எங்கோ வடக்கே, ஒரு குளிர்நாட்டில் நிற்கிற வானொலித் தொலைநோக்கி. பெரிய இரும்புத் தட்டு. இங்கே பெரியகல்லாற்றில் நாங்கள் பொத்தானை அழுத்தினால் அது அங்கே திரும்பும். வானத்திலிருந்து வரும் அலைகளைக் கேட்டு, கோடாக வரைந்து அனுப்பும். பகலென்றாலும் முகிலென்றாலும் பரவாயில்லை. எழுதிக் கேட்டு, அதை இயக்கும் அனுமதியை எங்கள் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தவள் நீ. நான் பக்கத்து வகுப்பின் விஞ்ஞான ஆசிரியை.

கம்பஸில் படித்த காலத்தில் நாம் ஒரே அறை, ஒரே பாடம், ஒரே சோதனை. புள்ளிகள் எனக்குத்தான் கூட. இதை இன்னும் சொல்கிறேன், பார்.

முதல் நாள் என்னையும் பக்கத்தில் இருத்தி, சூரியனைக் குறிவைப்போம் என்றாய். பிள்ளைகள் விறாந்தைக்கு ஓடினார்கள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கைமுட்டிக்கு மேல் கைமுட்டி வைத்து உயரம் அளந்தார்கள். மேற்கே வாவிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த மத்தியானச் சூரியன். வந்து எண்களைத் தட்டினார்கள். எங்கள் சூரியன் நிற்கும் இடத்தை, அந்த நாட்டுத் தட்டுக்கு. பிழை எனக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாய்.

தட்டு திரும்பியது. கோடு எழும்பவேயில்லை.

"சூரியன் எங்க டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே அளந்த. தேடுங்க."

உன் முட்டி பெரிசு, என் முட்டி சின்னன் என்று சண்டை தொடங்கியது. பிறகு கடைசி வாங்கிலிருந்து துளசி எழும்பினாள். "இஞ்ச பாருங்ககா, எங்களுக்குத்தான் பகல் சோறு. அங்க ஆக்கள் இப்பதான் பல்லு விளக்கியிருப்பாங்க. அவங்கட சூரியன் கிழக்கால நிக்கும்!"

அவ்வளவு சிரிப்பு. முதலே சொல்லியிருக்கலாமே என்று வழியில் உன்னைக் கேட்டேன். "சொன்னா புள்ளையள் எழுதிப்போட்டு மறந்திருங்கள்கா. பிழைச்சா மறக்காதுகள்."

அன்றிலிருந்து நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவிலிருந்த சுவர் எனக்குப் பிடிக்கவில்லை. அங்காலே சிரிப்பு. இங்காலே என் குரல் மட்டும். என் பிள்ளைகள் ஒழுங்காக எழுதினார்கள். ஒருத்தியும் சண்டை பிடிக்கவில்லை.

காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "தட்டைத் திருப்பாம விட்டுராத" என்றாய். அப்போதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. நீ தந்துவிட்டுப் போகிறாய், நான் எடுத்தாலும் அது உன்னுடையதாகவே இருக்கும் என்ற எண்ணம்.

இப்போது உன் வகுப்பும் எனக்கு. தளத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை இடலாம் என்று பள்ளி அதிபர் சொல்லிவிட்டார். இன்று மாற்றுவதாக இருந்தேன். அதற்கு முதல் உன் வித்தையைச் செய்து பார்க்க ஆசை. புதுப் பிள்ளைகளிடம் சூரியனை அளந்து வரச் சொன்னேன். ஒருவரும் எழும்பவில்லை.

"இது அந்த டீச்சர்ர பகிடியெல்லோ? துளசியக்கா முதலே சொல்லிட்டா."

முகம் சுட்டது. வேறு ஏதாவது வேண்டும். உடனே. என்னுடையதாக. பால்வீதியைக் காட்டுகிறேன் என்று தென்சிலுவை விண்மீன்களின் இடத்தைத் தட்டினேன். தெற்கே தென்னைகளுக்கு மேலே தாழ்வாக நிற்குமே, நாம் இருவரும் கரையில் இருந்து பார்த்தது. தட்டு அசையவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி. உன் பெயரைச் சொல்லி விளித்து, நீங்கள் கேட்ட இடம் அடிவானத்துக்குக் கீழே உள்ளது என்றது.

அவ்வளவு வடக்கில் தென்சிலுவை எழும்புவதேயில்லை. எனக்குத் தெரியும். புள்ளிகள் எனக்குத்தான் கூட.

"டீச்சர், அது எங்கட வானமெல்லோ!"

"முட்டியால அளந்தீங்களா டீச்சர்?"

சிரித்தார்கள். சுவருக்கு அங்காலே கேட்ட அதே சிரிப்பு, இங்காலே. என் வகுப்பில் நான் செய்த முதல் நல்ல பிழை. அதுவும் உன் பெயரில் பதிந்துவிட்டது. உன்மேல் எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா?

"பேரை மாத்திருவமா?" என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர்," என்றாள் முன்வாங்கில் இருந்தவள். "பிழையெல்லாம் அவட கணக்கில போகட்டும். அவ ஏசமாட்டா."

மாற்றவில்லை. அதற்குள் யாரோ வலைப்பந்தை எடுத்துவந்து, இதுதான் பூமி என்று மேசையில் வைத்தார்கள். அதில் ஒரு விரல் பெரியகல்லாறு, ஒரு விரல் அந்தக் குளிர்நாடு. எந்த விரலுக்கு எந்த விண்மீன் மறையும் என்று சண்டை. விடை என் வாய்வரை வந்தது. மேசைக்குக் கீழே என் கால் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டேன்.