ஆளில்லாத மணல் வீடுகள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

“பூச்சி பொறுக்குற உத்தியோகம்” என்று கிண்டல் செய்வீர்களே, பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரம் பார்க்கும் அதே வேலையாக இன்று உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், பாப்பா விளையாடும் ஓடையில் கற்களைப் புரட்டினேன். மணல் துகள்களை ஒட்டவைத்து வீடு கட்டும் பூச்சிகளுக்கு அவள் ‘வீட்டுக்காரங்க’ என்று பேர் வைத்தாளே, அந்த வீடுகள் இருந்தன. உள்ளே ஓர் உயிர் இல்லை. சாக்கடையிலும் பிழைக்கிற சிவப்புப் புழுக்கள்தான் நெளிந்தன.

“நானே டெஸ்ட் பண்ணேன், தண்ணி சுத்தம்” என்பீர்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்தது அந்த நிமிஷத்துத் தண்ணீரை. உங்கள் ஃபேக்டரி எப்போது கழிவைத் திறந்துவிடுகிறது என்று பாட்டிலுக்குத் தெரியாது. பூச்சி அங்கேயே குடியிருக்கிறது. வந்த எல்லாவற்றையும் அது அனுபவித்திருக்கிறது.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள நான் கதை கட்டுகிறேன் என்று உங்கள் அக்கா சொல்கிறாராம். சரி. பாப்பாவைக் கேட்டுப் போட்ட கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவள் உங்களிடமே வளரட்டும், பார்க்கக்கூட வரமாட்டேன். உங்கள் காலில் விழுகிறேன், அவளை அந்த ஓடையில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

உங்களுக்கு யாரோ ஆகிவிட்ட,
பாப்பாவின் அம்மா