காளானா, எலியா

புத்தூர், 8.9.1957
நேற்று இடி இடித்தது. இன்று சந்தையில் காட்டுக் காளான். மருமகள் சந்திரம்மா குழம்பு வைத்தாள். போன வருஷம் மழை பொய்த்து ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆனால் மண்ணுக்கடியில் அதன் நூலிழைகள் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. பள்ளியில் எத்தனை முறை நான் நடத்திய பாடம்! இன்று எனக்கே புதிதாக இருந்தது.

11.9
தம்பி கிருஷ்ணப்பா நகரியிலிருந்து வந்தான்.
"தாமோதரன் மதராசுல கப்பலேறி பன்னெண்டு வருஷம் ஆயிடிச்சிண்ணா. எத்தினி நாளு காத்துக்கினு இருப்ப? தர்ப்பையில உருவம் செஞ்சி கொளுத்து. கருமாதிய முடிச்சிடு."
பன்னிரண்டு வருஷம் சேதியில்லாதவனுக்கு ஊர் வழக்கம்தான். ஆனால் என் மகன் –
சந்திரம்மா இன்னும் குங்குமம் வைக்கிறாள். அதை நானா அழிப்பது? யோசிக்கிறேன் என்றேன்.

12.9
கிறிஸ்துமஸ் தீவு எலியைப் பற்றிப் படித்தேன். தீவெங்கும் திரிந்த இனம். கப்பலில் வேறு எலிகள் வந்தன, கூடவே நோயும். சில வருஷத்தில் ஒன்றும் மிச்சமில்லை. தேடிப் பார்த்துவிட்டு, அற்றுப்போனது என்று எழுதிவிட்டார்கள்.
கண்ணில் படாத காளான், கண்ணில் படாத எலி. மேலே நிற்பவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? காளானுக்குக் காத்திருக்கலாம். தாமோதரனை நான் காளான் பக்கம் வைத்திருக்கிறேன். ஆதாரம்? இல்லை. ஆசைதான்.

13.9
புத்தூர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று டீக்கடையில் கைகலப்பு. கிருஷ்ணப்பாவின் சட்டை கிழிந்தது.

15.9
சந்திரம்மாவிடம் காளான், எலி எல்லாம் விளக்கினேன். கருமாதி வேண்டாம், உன் குங்குமம் இருக்கட்டும் என்றேன். அரிசி களைந்தபடியே கேட்டாள்.
"அவரு காளானோ எலியோ, இருந்துட்டுப் போவட்டும் மாமா. நான் இன்னா ஆவறது?"
திருப்பதிக் கம்பவுண்டர் நாகையா இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாராம். தை மாதத்திலிருந்து பதில் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.
"கருமாதிய நீங்க முடிச்சாதான் மாமா நான் வாய தொறக்க முடியும்."
நான் அவளுக்காகத்தான் என்று நினைத்தேனே... எனக்காகவா?

22.9
ஆற்றங்கரையில் முடிந்தது. தர்ப்பை சீக்கிரம் எரிந்துவிடுகிறது.

காணிப்பாக்கம், 2.2.1958
பெண்ணைத் தாரை வார்ப்பது யார் என்று புரோகிதர் கேட்டார். அவளுக்குத் தகப்பன் இல்லை.
"மாமனாரா வார்க்கிறது? ஊரு சிரிக்கும்ணா," என்று கிருஷ்ணப்பா வேட்டியைப் பிடித்து இழுத்தான். எழுந்துபோய் மணையில் உட்கார்ந்தேன்.
நாகையாவின் கையில் அவள் கையை வைத்தேன். என் கையை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.