ஹந்தானை லயத்துக்கு மேலே பைன் காடு

மார்ச், செவ்வாய்க்கிழமை

காலநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி காடுகளைத் திருத்தும் திட்டத்தில் ஹந்தானை மலைச் சரிவும் இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் பைன் மரங்களை வெட்டிவிட்டு நாட்டு மரக்கன்றுகளை நட வேண்டும். வன அலுவலகத்திலிருந்து இன்று நான்தான் இடம் பார்க்கப் போனேன்.

காட்டுக்கு நேர் கீழே ஒரு லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். போன மாதம் தீ அதன் பின்சுவர் வரை வந்ததாம். அங்கே குடியிருக்கும் செல்வி கருகிய இடத்தைக் காட்டினாள்.

"மரம் இருந்தா தீ வருது சார். வெட்டிட்டா மழைக்கு மண்ணு சரியாதா?"

சரியலாம். கன்றுகள் வேர் பிடிக்கச் சில வருடங்கள் ஆகும். மழையோ இப்போதெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது.

"ஒரேயடியா வெட்டாம, பகுதி பகுதியாச் செய்யச் சொல்லிக் கேக்கிறன்" என்றேன்.

மாலையில் மேலதிகாரியிடம் கேட்டேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் முழுச் சரிவையும் வெட்டி முடிக்க வேண்டுமாம். லயத்துக்கு மேலே உள்ள மரங்களையாவது விடுங்கள் என்றேன். யோசிப்பதாகச் சொன்னார். நாளைக் காலை வெட்டும் மரங்களுக்குக் குறி போட ஆட்கள் போகிறார்கள்.

லயத்திலிருந்து நான் இறங்கி வரும்போது செல்வி உள்ளே இருந்த புருஷனிடம் சொன்னதுதான் தூங்க விடவில்லை.

"சார் பாத்துக்கிறாராம். பயமில்லையாம்."

பயமில்லை என்று நான் சொல்லவே இல்லை.