பிளாஸ்டிக் உரிக்காத டேப்லெட்டுகள்

கோர்னெல்,

முட்டைக்கோஸ் இலையில கறி வச்சுச் சுருட்டின சர்மாலே அடுப்பு மேல இருக்கு. சோளக்களிய நீயே கிண்டிக்கோ. உன் மூஞ்சியப் பாக்கவே அருவருப்பா இருக்கு, அதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

நேத்து கல்வி அதிகாரிகிட்ட என்ன சொன்ன? "ஆன்லைன் கணக்குப் பாடத்துக்கு எங்க பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு தயாருங்க!" நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். துணைத் தலைமையாசிரியர் ஐயாவுக்குக் கூச்சமே இல்லையா? அரசாங்கம் குடுத்த டேப்லெட் அத்தனையும் பள்ளிக்கூடத்துல உன் அலமாரியில பூட்டிக் கிடக்கு, மேல ஒட்டின பிளாஸ்டிக்கக்கூட உரிக்காம. கேட்டா, "கீறல் விழுந்தா கையெழுத்துப் போட்ட நான்தான் கட்டணும்"ங்கற.

பனியால பள்ளிக்கூடம் மூடினதுலேர்ந்து என் வகுப்பு ஸ்மரண்டா அவ அப்பாவோட ஒடஞ்ச போன்லதான் பாடம் பாக்குறா. நேத்து வரைபடம் போட்டுக் காட்டினேன். "டீச்சர், இதுல எது நீங்க போட்ட கோடு, எது ஸ்கிரீன் விரிசல்?"னு கேக்குறா.

உன் கோட்டுப் பையில அலமாரி சாவியத் தேடாத. நீ குறட்டை விடும்போதே எடுத்துட்டேன். எல்லாத்தையும் சறுக்குவண்டியில ஏத்தி, வீடு வீடாக் குடுக்கப் போறேன். கையெழுத்த என் பேர்ல மாத்திக்கோ.

ருக்ஸாந்திரா

உன் பூட்ஸ் கணப்புக்கிட்ட காயுது. ஈரத்தோட மாட்டிக்கிட்டுக் கிளம்பிடாத, அப்புறம் இருமுவ.

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: அதிகாரி மத்தியானம் மறுபடி வர்றாரில்ல, அந்தக் காலி அலமாரியத் திறந்து காட்டு. இப்ப சொல்லு, தயார்னு.