எலுமிச்சைத் தோலும் இரண்டாம் ஓலையும்

அன்புள்ள அண்ணே,

இன்று காலை சோற்றுக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் படியை விட்டேன். பாதியில் எதிலோ ‘டங்’கென்று தட்டியது. கையை விட்டுத் துழாவினால் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புட்டி. பிரித்துப் பார்த்தேன். ஜின். “நல்ல சரக்குன்னா மூடியத் திறந்ததும் மூக்கு சிரிக்கணும், கண்ணு கலங்கக் கூடாது” என்பாயே, அந்த வகைதான். கப்பலிலிருந்து லீவில் வந்திருக்கும் என் சின்னவனின் வேலை. நாற்பது வயதாகிறது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அம்மாவுக்குப் பயந்து அரிசிக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். இந்த வீட்டில் அரிசி எடுப்பது யார் என்றுகூடத் தெரியாத பிள்ளையை வளர்த்திருக்கிறேன் பார்.

முதலில் கோபம் வந்தது. புட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்துவிடலாமா என்று வாசற்படி வரை போனேன். அங்கே நின்றபோது உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. திரும்பி வந்து, நீ கடைசியாக என் கையில் கொடுத்த, சரக்கு அளக்கும் வெள்ளி அளவை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். இரண்டு பக்கமும் வாய், நடுவில் இடுப்பு சிறுத்து, குட்டி உடுக்கை மாதிரி இருக்குமே, அதுதான். இத்தனை நாளும் அதில் இருமல் மருந்துதான் அளந்துகொண்டிருந்தேன். முகர்ந்தால் எலுமிச்சைத் தோல் வாசம் அடிப்பது போலிருந்தது. அடிக்காது என்று தெரியும். ஆனாலும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் போய்வந்த கப்பலில் பத்து வருஷம் துரைமார்களுக்கு மது கலந்து கொடுத்தவன் நீ. சரக்குப் பெட்டி சரிந்து முழங்கால் போன பிறகு, அந்த அளவு ஒன்றுதான் கப்பலிலிருந்து உன்னோடு நம் ஊர் அக்காள்மடத்துக்கு வந்தது. பாம்பன் கடைத்தெருவில் கோலி சோடா போட்டு எங்களைக் காப்பாற்றினாய். வாரம் முழுவதும் சோடாப் புட்டிகளோடு மல்லுக்கட்டுவாய். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் உனக்கு.

அப்போது மதுவிலக்கு வந்து ஏழெட்டு வருஷமிருக்கும். ராமநாதபுரத்து டாக்டர் ஒருவர் உன் முழங்காலைத் தட்டிப் பார்த்து, ‘உடம்புக்கு அவசியம்’ என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துப் பெர்மிட் வாங்கினாய். மதுரைக்குப் போய் மாதம் ஒரு புட்டி வாங்கி வருவாய். முழங்கால் வலித்தது உண்மைதான். ஆனால் ஜின் ஊற்றினால் முழங்கால் வலி போகும் என்று நீயும் நம்பவில்லை, அந்த டாக்டரும் நம்பியிருக்க மாட்டார்.

நீ கலப்பதைப் பார்ப்பதே ஒரு பூசை. மணல்மேட்டு ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர். பனங்கற்கண்டைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்த பாகு. அப்போதுதான் பிழிந்த எலுமிச்சை. சின்னப் பக்கத்தில் பாகும் சாறும், பெரிய பக்கத்தில் ஜின். மூடி திருகிய கண்ணாடி ஜாடிக்குள் ஐஸோடு போட்டுக் குலுக்கி வடிப்பாய். மேலே ஒரு சுருள் தோலைக் கிள்ளி முறுக்கிப் போடுவாய். அறை முழுக்க மணக்கும். மழை நாளென்றால் பிராந்தியும் சுக்கு வெந்நீரும். ஜின்னில் பிட்டர்ஸ் என்கிற கசப்புத் துளி இரண்டு விட்டால் ரோஸ் நிறமாகிவிடும் ஒன்றும் உண்டு. அதைப் பார்த்தாலே அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள்.

முதல் தடவை பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்திலிருந்து ஐஸ் வாங்கி வந்தாயே, ஞாபகமிருக்கிறதா? மீன் பெட்டிக்கு வந்த ஐஸ். மரத்தூளை மட்டும் உதறிவிட்டுப் போட்டாய். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். “துரை குடிச்ச சரக்குல நெத்திலி நீந்துது” என்றாய். அம்மா அன்றைக்குத்தான் உன் கிளாஸைப் பார்த்து முதல்முறை சிரித்தாள். அதற்கப்புறம் ஐஸை மூன்று தண்ணீரில் அலசாமல் நீ தொட்டதில்லை.

அம்மா சும்மா பயப்படவில்லை. அய்யா குடித்துச் செத்தவர். மதுவிலக்கு வந்ததும் பனங்காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து குடித்தார், முன்னைவிட அதிகமாகவே குடித்தார். அவர் வரும் சத்தம் கேட்டால் நானும் அம்மாவும் பின்வாசல் வழியாக ஓடுவோம். அதனால்தானோ என்னவோ, நீ வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாய். தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்தால் கையாட்டுவாய்.

அந்தத் திறந்த கதவுதான் என் கல்யாணத்துக்கு வினையாக வந்தது.

பாம்பன் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்னைப் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்துவிட்டார். இன்னும் இரண்டு ஞாயிறு இரண்டு ஓலை வாசித்தால் கல்யாணம். செவ்வாய்க்கிழமை கோவில் உபதேசியார் வந்தார், முகம் சரியில்லை. மாப்பிள்ளையின் அய்யா, அதுதான் இரண்டு படகு வைத்திருந்த அந்தச் சம்மாட்டி, இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கலாமா என்று யோசிக்கிறாராம்.

“கவர்மெண்டு சும்மாவா பெர்மிட் குடுக்கும்? பெரிய நோவா இருக்கணும், நெஞ்சு நோவா இருக்கணும்னு பாம்பன் பூரா பேச்சு. குடும்பத்துல நோவு இருந்தா யாரு பொண்ணு எடுப்பா? சனிக்கிழமை சாயங்காலம் நேர்ல பாத்துட்டு முடிவு பண்றேன்னாரு.”

முதல் ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை அந்தக் கரையில் யார் கட்டுவார்கள்? அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஏலே, அந்தப் புட்டியக் கடல்ல எறி. சீட்டக் கிழி. அப்படி ஒண்ணும் இல்லவே இல்லன்னு சொல்லிருவோம்.”

“நோவும் இல்ல, குடியும் இல்லன்னு சொல்லணும். ஒண்ணு நெசம், ஒண்ணு பொய். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொய்ய யாரும்மா காவல் காக்கிறது?” என்றாய்.

நான் கத்தினேன், அண்ணே. “உனக்கு அந்தக் கிளாஸ் பெருசா, நான் பெருசா?” என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. நீ காலை இழுத்து இழுத்துப் போய்ப் பெட்டியைத் திறந்து பெர்மிட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாய்.

“நீயே கிழிச்சுரு தாயி. உன் இஷ்டம்.”

நான்கு நாள் அது என் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் கிழிக்கத்தான் எடுத்தேன். அய்யா போன பிறகு இந்த வீட்டில் யாரும் ஓடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஆன பிறகுதான் தனக்கு என்று நீ உன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனதும் உறைத்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் முழங்காலை நீட்டி உட்கார்ந்து சிரிக்கிறாய், அதையும் நான் பிடுங்க வேண்டுமா? சனிக்கிழமை மத்தியானம் அதை உன் மேசைமேல் திரும்ப வைத்தேன். நீ பார்த்தாய். எலுமிச்சை நறுக்கப் போய்விட்டாய்.

மாப்பிள்ளையின் அய்யாவும் அவர் தங்கச்சியான அத்தைக்காரியும் வந்தார்கள், உபதேசியாரும் கூட வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சம்மாட்டி சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, நெஞ்சுல ஏதும் நோவா?”

“நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு மாமா. முழங்காலுதான் மழைக்கு முன்னாடியே சொல்லிரும்.”

“அப்ப அந்தச் சீட்டு?”

நீ தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். புட்டி, அளவு, எலுமிச்சை, பாகு, ஐஸ், பக்கத்தில் பெர்மிட். “வாரத்துல ஒரு நா ஒரு கிளாஸ் குடிப்பேன் மாமா. வலிக்குன்னு வாங்குனேன், ருசிக்குத்தான் குடிக்கிறேன். இது என் சீட்டுக்கு மட்டும் உள்ளது. உங்களுக்கு ஒரு சொட்டு ஊத்துனாலும் என்னைய உள்ள வச்சுருவான். உங்களுக்கு வேற கலக்குறேன்.”

நன்னாரி, எலுமிச்சை, இஞ்சிச் சாறு, உன் சோடா. அதே அளவு, அதே குலுக்கல், மேலே அதே சுருள் தோல். துரைமார்களுக்கு நீட்டியது போல ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு நீட்டினாய். அத்தைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கிளாஸை விடவில்லை. நீ உன் ஒன்றைக் கலந்துகொண்டு உட்கார்ந்தாய். கச்சான் காற்று, பாலத்துக்குக் கீழே நீரோட்டம், வாத்தியார் மாப்பிள்ளைக்கு வலை பின்னத் தெரியாத கதை என்று ஒரு மணி நேரம் பேச்சு. உன் கிளாஸ் மெள்ள மெள்ள இறங்கியது. கடைசி வாயையும் குடித்துக் கவிழ்த்து வைத்தாய்.

“அம்புட்டுதானா?” என்றார் சம்மாட்டி.

“அம்புட்டுதான் மாமா.”

“இன்னொண்ணு ஊத்தினா என்ன?”

“அடுத்த சனிக்கிழமை ஊத்துவேன்.”

அத்தைக்காரி அதற்குள் கிளாஸைக் காலி செய்திருந்தாள். “என்ன இருந்தாலும் குடிக்கிற வீடு அண்ணே. இங்கனயா பொண்ணு எடுக்கிறது?” என்றாள்.

சம்மாட்டி கதவுப் பக்கம் திரும்பினார். “தாயி, வெளிய வா. நீ சொல்லு. இவுக குடிச்சா வீட்ல எப்படி?”

என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எங்கய்யா குடிச்சா நாங்க பின்வாசல் வழியா ஓடுவோம் மாமா. அண்ணன் குடிச்சா பக்கத்துல வந்து உக்காந்துக்குவோம்.”

சம்மாட்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “வாரோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மறுநாள் பூசையில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சாமியார் ஓலைப் புத்தகத்தைத் திறந்தார். வேறு யாருடைய பெயரோ வாசித்தார். பிறகு ஒரு தாளைப் புரட்டினார். என் பெயரும் அவர் பெயரும் வந்தன. இரண்டாம் ஓலை. ஆண்கள் பக்கத்திலிருந்து நீ முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். கோவிலில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயசில் என் காதைத் திருகியவன் நீதான்.

அத்தைக்காரி என் கல்யாண வீட்டில் அந்த நன்னாரியைக் கேட்டு வாங்கி மூன்று கிளாஸ் குடித்தாள். மாமனார் சாகும் வரை சனிக்கிழமைகளில் பாம்பனிலிருந்து உன் வீட்டுக்கு வந்து அதைத்தான் குடித்தார். அடுத்த வருஷமே அண்ணியும் வந்தாள், நீ கலப்பதில் பாகு கூடிவிட்டது என்று குறை சொல்ல.

இன்றைக்கும் சனிக்கிழமைதான், அண்ணே. சாயங்காலம் வாசற்கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். மேசையில் அந்தப் புட்டியை வைத்தேன். பக்கத்தில் உன் அளவு, எலுமிச்சை, காலையிலேயே காய்ச்சி வைத்த பனங்கற்கண்டுப் பாகு. ஐஸை மூன்று தண்ணீரில் அலசினேன், ஃபிரிட்ஜ் ஐஸ்தான் என்றாலும். சின்னவன் வெளியிலிருந்து வந்தவன் புட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அந்த நேரம் அவன் முகம் எட்டு வயசுப் பிள்ளையுடையது.

“அம்மா, அது வந்து…”

“இங்கன வந்து உக்காருலே. அரிசிக்குள்ள வச்சு யாருக்கு ஒளிக்கிறே?”

பெரிய பக்கம் ஒரு அளவு. சின்னப் பக்கத்தில் பாகும் சாறும். தோலை முறுக்கத்தான் எனக்கு விரல் வரவில்லை, அவனே முறுக்கினான். எனக்கு நன்னாரி. பயந்து பயந்து ஒரு வாய் குடித்தான். பிறகு கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவனுக்குத் தூக்கம் வருவதில்லையாம், இரண்டு வருஷமாகவாம். எனக்குத் தெரியவே தெரியாது. கிளாஸ் காலியானதும் புட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அளவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

“அடுத்த சனிக்கிழமை” என்றேன்.

சிரித்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை, அண்ணே. காலியான கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.