கடைசி சீட்டில் காணாமல் போனவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நலம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அது பிசகிக் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் சேட்டை, கண்டுகொள்ளாதே. (அண்ணா, அடைப்புக்கு வெளியே வருவதைக் கண்டுகொள்ளாதே.) நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பா நலம், குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கழற்றியதில் மூன்று நாளாகக் குளியலறைக்குள் குடை பிடித்துக்கொண்டு போகிறோம்.

என் வேலை போக இருந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிறு போதகர் காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொன்னார். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனானே மேய்ப்பன், அது என் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை தையல் ஆலைப் பேருந்தில் ஆள் ஏற்றிப் போகும்போது கண்ணாடியில் தலைகளை எண்ணினேன், நாற்பதில் ஒன்று குறைந்தது. இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாரே அந்த வாயில்லாப்பூச்சி, அவரைக் காணோம். உடனே பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி முப்பத்தொன்பது பேரையும் இறக்கிவிட்டேன். பொத்தான் தைக்கிறவள், அக்கா நாங்க என்னக்கா தப்பு பண்ணோம் என்று கத்தினாள். நீங்கதான் தொலையலையே, அப்புறம் என்ன, நில்லுங்க என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். தெருத் தெருவாக ஹாரன் அடித்து, சலூன், மருந்துக்கடை, அவர் மச்சான் வீடு என்று எங்கும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஒரு நாய்க்காக பிரேக் போட்டபோது பின்னாலிருந்து ஒரு செருப்பு சறுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்தது. மனுஷன் கடைசி சீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறார். சந்தோஷத்தில் மேய்ப்பன் மாதிரியே தோளில் தூக்கப் பார்த்தேன். (ஆடு எண்பது கிலோ. மேய்ப்பன் மணிக்கட்டு அவுட்.)

வெள்ளிக்கிழமை விசாரணை. பணிநீக்கக் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக மேசைமேல் கிடந்தது. சாட்சிக்கு வந்த போதகரிடம் மேலாளர், ஐயா நீங்க நேராவே சொல்லித் தொலைச்சிருந்தா என் ஆளுங்க வெயில்ல காஞ்சிருக்க மாட்டாங்கல்ல, எதுக்கு இந்தக் கதை என்று கேட்டார். போதகருக்கு வியர்த்துவிட்டது. பாவிகளோட உக்காந்து சாப்பிடுறாரேன்னு முணுமுணுத்தவங்களுக்கு இயேசு சொன்னது சார், மேய்ப்பர்களுக்குப் போட்ட டியூட்டி சார்ட் இல்ல. நேரா சொன்னா எதிர்த்துப் பேசுவாங்க, கதையா சொன்னா அதுக்குள்ள தன்னைத் தேடுவாங்க என்றார். பொத்தான்காரி எழுந்து, நாங்க தேடிப் பாத்துட்டோம் ஐயா, பங்க்ல நின்னது நாங்கதான் என்றாள். மேலாளர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார். சார், நான் ரெண்டாவது தெருவுலயே முழிச்சுட்டேன் என்றார். அப்புறம் ஏன்யா எழுந்திரிக்கல என்று மேலாளர் பாய்ந்தார். வீட்டுக்கு வீடு நிறுத்தி, எங்க இஸ்திரி அண்ணனைப் பாத்தீங்களான்னு இந்தம்மா கேட்டுக்கிட்டே போனாங்க, என்னை யாரும் தேடி நான் கேட்டதே இல்ல சார், இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு தெருன்னு படுத்துட்டேன் என்றார். பொத்தான்காரிகூட உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் பேனாவை மூடினார். கை சரியானதும் வாம்மா, தினமும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்துபோய் எண்ணணும், எவனையும் தூக்கக் கூடாது என்றார். (மறுநாள் மாற்று ஓட்டுநர் எண்ணும்போது நாற்பது பேரும் சீட்டுக்கு அடியில். தேடச் சொல்லி அடம்.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பாய். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. நேராகக் கேட்டால் பிஸிம்மா என்று நாலெழுத்தில் முடித்துவிடுவாய். பல் வலிக்கு மருத்துவரைப் பார், தள்ளிப்போடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன்னை எண்ணிக்கொண்டே இருக்கும்,
அம்மா

(அண்ணா, கூப்பிட்டுவிடு. அம்மாவுக்கு இன்னும் மூன்று வாரம் லீவு, கனரக உரிமமும் கையில் இருக்கிறது. உன் தெருவில் ஹாரன் கேட்டால் நான் பொறுப்பில்லை.)