முதல் வண்டியை ஓட்டியவன் பெயர்

கரி அப்பிய கையால் என் வெள்ளைச் சட்டையை வேண்டுமென்றே தொட்டுவிட்டுச் சிரிப்பாயே, அந்த என் மாயாண்டிக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கம் நமக்குள் இருந்ததில்லை. "வண்டி எப்பிடிக் கெடக்கு மச்சான்?" என்றுதான் நீ தொடங்குவாய். ஆகவே வண்டியின் செய்தியை முதலில் சொல்கிறேன். நன்றாகக் கிடக்கிறது. அய்யம்பாளையத்தில் உன் பட்டறைக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிற்கிறது. முன்னாலுள்ள எஞ்சின் கைப்பிடியை மூன்றாம் முறை சுற்றினால் உயிர்பெற்று உறுமுகிறது. நீ மறைந்து ஐந்து திங்களாகியும் அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலும்.

அடுத்த செய்தி, என் ஊருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. பெருமாள்மலையிலிருந்து பிரிந்து ஏறும் அந்தக் குதிரைத் தடத்தில் நீயும் நானும் கடப்பாரையால் கல் நெம்பினோமே, அதன்மேல்தான் தார் ஊற்றியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை திறப்புவிழா. சாலையின் தலைப்பில் ஒரு கல் நடுகிறார்கள். இந்த மலைக்கு முதல் வண்டியை ஓட்டி வந்தவர் என்று அதில் என் பெயரை வெட்ட ஊர் முடிவு செய்திருக்கிறது.

நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. அன்று வண்டி ஓட்டவே தெரியாதவனுக்குக் கல்வெட்டு! என் ஊர் மட்டுமே அறிந்து மறைத்து வைத்த இந்த உண்மையை இன்று இந்தக் கடிதமாக அச்சில் ஏற்றுகிறேன். நாடு ஒருமுறை படிக்கட்டும். என் ஊரார் இருமுறை படிக்கட்டும்.

மதுரையில் நான் தமிழ் படித்தேன். நீ தொழிற்பள்ளியில் எஞ்சின் வேலை படித்தாய். ஒரே விடுதியில் இருந்தோம். நான் 'பொறி' என்பேன், 'சுமையுந்து' என்பேன். "ஏலே, இந்தப் பேரெல்லாம் சொன்னா வண்டி ஸ்டார்ட் ஆகுமா?" என்று நீ கேட்பாய். இந்த ஒரு கடிதத்தில் உன் சொற்களையே எழுதுகிறேன். என் தமிழ் என்னைப் பொறுத்துக்கொள்ளும்.

பெரும்பாறையில், நீ பிறந்த காப்பித் தோட்டத்தில், போர்க்காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று கேட்பாரற்று நின்றது. மிளகுக்கொடி ஏறி அதன் கூரையை மூடியிருந்தது. தோட்டத்துத் துரை, "இழுத்துக்கொண்டு போக முடிந்தால் எடுத்துக்கொள்" என்று விளையாட்டாகச் சொன்னதை நீ வாக்காக எடுத்துக்கொண்டாய். தோட்டக் கூலிகளின் குடியிருப்பான உன் லயத்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்து வந்து சாலையோரம் நிறுத்தினார்கள். படிப்புக்கால விடுமுறைகள் இரண்டு நமக்கு அந்த வண்டிக்கு அடியிலேயே கழிந்தன.

இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாய். ரேடியேட்டர் ஓட்டையை மஞ்சள்தூள் கொட்டி அடைத்தாய். பழைய லாரியின் வில்பட்டைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கினாய். கொண்டை ஊசி வளைவில் வால் பாறையில் இடிக்கும் என்று பின்பெட்டியில் ஒன்றரை அடியை அறுத்தே எறிந்தாய். நான் என்ன செய்தேன்? விளக்குப் பிடித்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், அதிலும் பாதி நேரம் தவறான ஸ்பானர். மிச்ச நேரம் சொற்பொழிவு ஆற்றினேன்.

ஏன் அந்தப் பாடு? என் ஊர்ப் பூண்டு மட்டக்குதிரையின் முதுகில் இறங்கிப் பெருமாள்மலை மண்டிக்கு வந்து சேர்வதற்குள் பொழுது உச்சி தாண்டிவிடும். அதன்பிறகு மண்டிக்காரர் வைத்ததே விலை. "அந்தத் தடத்துல ஆடு ஏறும், வண்டி ஏறாது" என்று அவர் ஊர் கேட்கச் சொன்னார். ஏறும் என்று நான் சொன்னேன். ஏற்றிக் காட்டியவன் நீ.

வண்டி ஏறிய அந்தக் காலையை, பின்னாளில் பேச்சாளனாகி, என் மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பாறையில் அடிபடாதிருக்க நீ சைலன்சர் குழாயை வளைத்துப் பின்பெட்டியின் வழியே வானம் பார்க்க நிமிர்த்தியதைச் சொல்வேன். முதல் கியரிலேயே ஏறியதைச் சொல்வேன். என் ஊர்ப் பெண்கள் குலவையிட்டதைச் சொல்வேன். ஒன்றை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

பூண்டுக்குப் புகை நல்லது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையில் தொங்கவிட்டுத்தான் எங்கள் மலையில் பூண்டைப் பதப்படுத்துவோம். அந்த அறிவு என் தலைக்கேறியது. மண்டிக்கு இறக்க ஊரில் பூண்டு ஏற்றும்போது, பனியில் நனைந்த மூட்டைகளைச் சைலன்சர் சூட்டுக் குழாயை ஒட்டி அடுக்கு என்றேன். "வேண்டாம் மச்சான், இது அடுப்பில்ல, எஞ்சின் சூடு" என்று நீ தடுத்தாய். "காப்பித் தோட்டத்தான் எனக்குப் பூண்டு சொல்லித் தருவதா?" என்று கேட்டேன். உன் முகம் சற்றே மாறியது. நான் ஏற்றி முடித்ததும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாய். மூட்டைகளை அடுக்கியவை என் கைகள்.

பெருமாள்மலையில் தார்ப்பாயை அவிழ்த்ததும் கடைத்தெரு முழுவதும் வெந்த பூண்டு மணத்தது. மண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏலே, பூண்டு கொண்டாந்தீகளா, ரசம் வச்சுக் கொண்டாந்தீகளா? ஏலே, எவனாவது சோத்தக் கொண்டாங்கலே!"

குறுக்குத் தடத்தில் இறங்கி முன்பே வந்து காத்திருந்த ஊரார் நடுவே என் சித்தப்பா நின்றார். கெட்ட நான்கு மூட்டைகளும் அவருடையவை. "எவன்டா அடுக்கினது?" என்றார்.

என் வாய் திறந்தது. நாவன்மைக்குப் பரிசு வாங்கிய வாய். அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நீ முன்னால் போய் நின்றாய்.

"எஞ் சோலிதாங்க அய்யா. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சித்தப்பா உன் கன்னத்தில் அறைந்தார். பட்டப்பகலில், நடுத்தெருவில். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், மாயாண்டி. விடுதியில் என்னை மச்சான் என்று அழைத்தவன், என் உறவுக்காரர் முன்னால் என்னை 'அவரு' என்றாய். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"விடு மச்சான், அடுத்த தடவை குழாயச் சுத்தித் தகரம் அடிச்சுருவோம். வெரசா வா, வெயிலுக்குள்ள மேல ஏறணும்." திரும்பும்போது நீ சொன்னது அவ்வளவுதான். தகரம் அடித்தாய். அடுத்த நடையில் ஒரு பல் பூண்டும் கெடவில்லை. மண்டிக்காரரின் விலை அன்றே ஏறியது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் என் ஊரின் விளைச்சல் உன் கையில்தான் மலையிறங்கியது.

நானோ மேடை ஏறினேன். முதலில் 'நாங்கள் ஓட்டினோம்' என்றேன். கைதட்டல் போதவில்லை. ஒருநாள் 'நான் ஓட்டினேன்' என்றேன். அன்று கூட்டம் எழுந்து நின்றது. அந்த 'நான்' பிறகு என் நாவை விட்டு இறங்கவே இல்லை. ஒருமுறை நீ வத்தலக்குண்டில் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டாய் என்று உன் மனைவி பேச்சியம்மாள் இப்போதுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து என்ன சொன்னாயாம்? "நல்லாத்தான் ஓட்டுறான்" என்றாயாமே! கோபத்தில் சொன்னாயா, கேலியில் சொன்னாயா? அவருக்கும் தெரியவில்லை. இனி யாரிடம் கேட்பேன்?

கல்வெட்டுச் செய்தி கேட்டதும் ஊருக்குப் போனேன். ஊர் மந்தைவெளியில் கூட்டம் கூட்டினேன். அது உன் பெயருக்குரிய கல் என்றேன். சித்தப்பா இப்போது ஊர்த்தலைவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"தம்பி, ரோடு நம்ம ஊரு ரோடு. லயத்துப் பய பேர வாசல்ல வச்சுக்கிட்டு நாளைக்கு நாம எப்பிடிப் போக வர?"

"ஓட்டினவன் அவன், சித்தப்பா."

"எங்களுக்குத் தெரியாதாக்கும்? கண்ணால பாத்தோம்ல. மேடை மேடையா நான் ஓட்டுனேன், நான் ஓட்டுனேன்னு நாடு நம்புற மாதிரி பேசுனது யாரு? நாங்களா? ஒன் வாயில வந்ததத்தானப்பா கல்லுல வெட்டுறோம்."

கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. உன் பெயரை அழித்த உளி என் நாக்கு. அந்த உளியைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குப் பிடி செய்து கொடுத்தவனும் நானே.

ஆனால் கேட்டுக்கொள்ளட்டும். என் வாயால் கெட்டதை என் வாயே திருத்தும். வாய் போதாவிட்டால் கையும் காலும் உண்டு.

மலையிறங்கி நேரே அய்யம்பாளையம் போனேன். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். "ஆள் எதுக்கு? ஏறுங்க" என்றார். திகைத்துப்போனேன். நீ வண்டிக்கு அடியில் படுத்துச் சத்தம் கேட்க, மேலே உட்கார்ந்து எஞ்சினை முடுக்க ஒருவர் வேண்டுமென்று தொடங்கி அவருக்கு ஓட்டவே கற்றுக்கொடுத்தாயாமே. என்னிடம் ஒரு சொல் சொன்னாயா, திருடா?

உன்னைப்போல் அவருக்குப் பொறுமை கிடையாது. "கிளச்ச மெல்ல விடுங்கண்ணே. மேடையில மைக்கப் பிடிச்ச மாதிரியே இறுக்கிப் பிடிச்சா எப்பிடி?" என்றார் முதல் நாள். "பேசாம ஓட்டுங்க. பேசுனாத்தான் வண்டி அணைஞ்சு போகுதுல்ல?" என்றார் இரண்டாம் நாள். வேலியை இருமுறை இடித்தேன். நாற்பது நாளாக வெள்ளனே எழுந்து ஓட்டுகிறேன். உரிமமும் வாங்கிவிட்டேன்.

கூரையின் முகப்பில் ஒரு பலகை அடித்தாயிற்று. பெரிய எழுத்தில் நானே எழுதினேன். 'இம்மலைக்கு முதல் வண்டியை ஓட்டி வந்தவன் மாயாண்டி. மூட்டையை அடுக்கிக் கெடுத்தவன் இதை ஓட்டி வருபவன்.' பேச்சியம்மாள் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார்.

இந்தப் பலகையோடு வந்தால் விழாவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் சித்தப்பா. வரவேண்டாம். காலி வண்டிக்கே வழி விடாத தடத்தில் நீ ஏறியபோது மாலை போட யார் வந்தார்கள்? கல்லில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். கல் நட்ட இடத்தில் நிற்கும். என் பலகைக்குச் சக்கரம் உண்டு.

இதோ என் வாக்குறுதி. ஞாயிறு காலை பெருமாள்மலை மண்டி வாசலில், உன்னை அறைந்த அதே இடத்தில் வண்டியை நிறுத்துவேன். எவன்டா அடுக்கினது என்று அன்று கேட்ட கேள்விக்கு, 'நான்' என்று விடை சொல்வேன். அந்தச் சொல்லை வாழ்நாளில் ஒருமுறையாவது உரிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். பிறகு பேச்சியம்மாளைப் பக்கத்தில் அமர்த்தி முதல் கியரில் மேலே ஏறுவேன். வழி மறித்தால் பிரேக்கில் கால் வைப்பேன், எஞ்சினை அணைக்கமாட்டேன். அவர்கள் கால் ஓயும்வரை அது உறுமிக்கொண்டு நிற்கட்டும்.

அந்தத் தடத்தின் மூன்றாம் கொண்டை ஊசி வளைவு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே நீ எப்படித் திருப்பினாய்?

ஊர் கேட்கவும் உறவு கேட்கவும் சொல்கிறேன்,
உன் மச்சான்,
இளமாறன்